வானம் பார்த்த மண்ணில் மனைப்படப்பை

(மனைத்தோட்டம் பற்றி ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

வீட்டை அடுத்துக் காயும் கீரையும் விளைந்த நிலத்துக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் படப்பை. கழக நூல்களில் அச்சொல் பலவிடத்தும் பயின்று வரும். இன்று அது சென்னையை அடுத்த ஓர் ஊரின் பெயராக எஞ்சி நிற்கிறது. பிற்காலத்தார் வழங்கிய கொல்லை, புழக்கடை, புறக்கடை என்னும் சொற்களும் இளைய தலைமுறையின் வாயிலிருந்து நழுவி வருகின்றன. பொருள் போனமையால் சொல் போயிற்று. வீட்டின் பின்புறம் பைஞ்சுதைத் தளமாகிவிட்ட பின்னர், அதனைக் கொல்லை என்று கூப்பிட எவருக்கு நா எழும்?

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. வறுமையுற்ற குடும்பத்துக் கிணைமகள் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி எடுத்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, பிறர் காணாவாறு கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தாரோடு உண்கிறாள். வகுப்பறையில் இக்காட்சி வறுமையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகிறது. அதிலே வேறொரு செய்தியும் உள்ளது. அந்தக் கீரை உண்ணத்தக்கது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்று உப்பு இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது, குப்பைமேட்டில் வேளையும் முளைக்கிறது. அது வேளை என்று அறிவார்தாம் அருகிவிட்டனர்.

இதனால் வந்த கேடு சொல்லளவில் நின்றுவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடுவணரசு எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வரை அகவையுடைய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளின் நிலையும் அதுவே. இச்சோகைக்குக் கரணியங்கள் பல. அவற்றுள் தலையாயது இரும்பூட்டம் போதாமை. முருங்கையும் அகத்தியும் வேலியோரத்தில் வளரக்கூடிய மண்ணில் தாயும் சேயும் குருதி வெளுத்து நிற்பது நாணத்தக்க செய்தி அன்றோ? கீரையிலுள்ள இரும்பு உடலில் ஏறுவதற்கு எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்புத் துணைசெய்யும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். இவ்விரண்டையும் தாய்மார் நினைவிற் கொள்க.

“எங்கள் ஊர் வானம் பார்த்த ஊர். குடிக்கவே நீர் இல்லை. தோட்டத்துக்கு எங்கே போவது?” என்று முகவை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்தார் கேட்பர். கேள்வி முறையானதே. ஆயினும் அதன் உள்ளே ஒரு பிழைபட்ட எண்ணம் ஒளிந்திருக்கிறது. தோட்டம் என்றவுடன் அவர்களின் மனக்கண்முன் தோன்றுவது காவிரிக்கரைத் தோட்டம். பட்டினப்பாலை காட்டும் சோணாட்டு மனைகளில் தெங்கும் வாழையும் கமுகும் மஞ்சளும் சேம்பும் இஞ்சியும் நெருங்கி நிற்கும். அது மருதத்தின் செல்வம். வறண்ட நிலத்துக்கு வேறு படி உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையுமே உணவாக எண்ணிச் சொல்கிறார். நான்கும் சிறுமழையில் விளைபவை. அவற்றுள் அவரை ஒன்றே இன்றளவும் வீட்டுக் கூரைமேலும் வேலிமேலும் ஏறி நிற்கிறது. வறண்ட நிலத்துப் படப்பைக்கு முதல் ஆசான் அந்த அவரைக்கொடி என்றே சொல்லலாம்.

முதலில் நீரைப் பற்றிப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு இலிட்டர் நீர். தென்மாவட்டக் கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லி மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ நீர் ஆவியாகிப் போகிறது. எனவே பத்துச் சதுர மீட்டர்ப் பாத்திக்கு, ஒன்றும் செய்யாது வெயிலில் விட்டால், நாள்தோறும் 60 இலிட்டர் தேவைப்படும். நாலைந்து குடம் என்க. குளித்த நீரும் அரிசி களைந்த நீரும் கலம் கழுவிய நீரும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தில் அவ்வளவு நீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. ஆகவே நீர் இல்லை என்பதைவிட, இருக்கும் நீருக்கு வழி காட்டவில்லை என்பதே பொருந்தும்.

முன்னையோர் வழி காட்டியிருந்தனர். குளிக்குமிடத்தின் வடிகாலில் வாழையும் சேம்பும் நின்றன. அதனையடுத்த ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் படர்ந்தன. அந்நாளில் சீயக்காயும் சாம்பலும் கலந்த நீர் ஓடியது. இந்நாளில் துணி வெளுக்கும் தூள்களின் காரம் மிகுதி. அந்நீரைக் கீரைப்பாத்திக்கு விட்டால் சில திங்களில் மண் இறுகிப்போகும். ஆதலின் துணி துவைத்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். அரிசி, பருப்பு, காய் கழுவிய நீர் கீரைக்கும் காய்ச்செடிக்கும் வரட்டும். பச்சையாக உண்ணும் இலைகள்மீது கழிவுநீர் எதுவும் படலாகாது.

மழைநீரையும் கணக்கிட வேண்டும். 600 சதுர அடிக் கூரையில் 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,400 இலிட்டர் கிடைக்கிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது குழாய் வைத்தவர் பலர். அக்குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்தவர் சிலரே.

அடுத்தது பாத்தி. மேலைநாட்டு நூல்களைப் பார்த்து மண்ணை மேடாகக் குவித்து, பலகை அடித்து, அதன்மேல் நடுகின்றனர். மழை மிகுந்த குளிர்நாட்டில் வேரழுகாமல் இருக்க அது நல்ல முறை. காயும் நிலத்தில் மேட்டுப்பாத்தி நாற்புறமும் வெயிலுக்குத் தன்னைத் திறந்து வைக்கிறது. ஊற்றிய நீர் மாலைக்குள் போய்விடும். இங்கு வேண்டுவது தாழ்பாத்தி. ஓரடி ஆழம் தோண்டி, மட்கிய குப்பையும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்கு நான்கு விரற்கடை தாழ்வாக விட்டுவிட வேண்டும். விழும் ஒவ்வொரு துளியும் அங்கே நிற்கும். காற்றும் அதனை உலர்த்தாது. கரிசல் மண்ணாயின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கும். அதற்கு ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டி வைத்துக்கொள்க. பாத்தியின்மேல் சருகு, வைக்கோல், கடலைத்தோல் எது கிடைப்பினும் மூன்று விரற்கடைக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடின் நீர்த்தேவை பெரிதும் குறையும். சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கம் படப்பைக்குப் பகை.

கொடிக் காய்களுக்கு இன்னொரு முறை உண்டு. மெருகு பூசாத மட்குடத்தைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிடுவது. குடத்தின் நுண்டுளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குச் செல்லும். மண் உலர்ந்திருந்தால் மிகுதியாகக் கசியும். ஈரமாயிருந்தால் குறைவாகக் கசியும். சீனநாட்டு உழவுநூல் ஒன்று ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்முறையைக் குறித்துள்ளது. குயவர் வீதியில் ஓட்டைக்குடம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு குடத்தைச் சுற்றி நான்கு சுரை அல்லது பீர்க்கு விதை ஊன்றினால் போதும்.

நிழலும் பயிருக்கு ஓர் ஊட்டம் என்பதைச் சொன்னால் சிலர் வியப்பர். மேற்கு வெயில்தான் செடியைக் கொல்வது. ஆதலின் மனையின் மேற்குப் புறத்தில் முருங்கையும் அகத்தியும் வரிசையாக நிற்க வேண்டும். அவற்றின் இலை சிறிது, நிழல் மெல்லிது, கீழே நிற்கும் கத்தரியும் மிளகாயும் அதனால் வாடா. வேலிக்குக் கிளுவைப் போத்து நட்டு, அதன்மேல் கோவை, தூதுவளை, முடக்கறுத்தான், பிரண்டை ஆகியவற்றை ஏற்றிவிட்டால் அவற்றுக்கென்று தனியே நீர் ஊற்ற வேண்டியதே இல்லை. வேலியே பாதிக் கறியாகும். தூதுவளை என்னும் சொல்லின் வேரை ஆராய்ந்து நான்கு பக்கம் எழுதும் புலவர் பெருமக்கள் உளர். அக்கொடியைத் தம் வீட்டு வேலியில் முள்குத்தக் கிள்ளியவர் அவருள் எத்தனை பேர்? சொல்லாய்வும் வேண்டுவதே. கொடியும் உடன் இருந்தால் ஆய்வு உயிர்பெறும்.

முருங்கையைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பழைய முருங்கை போத்து நட்டு வளர்ப்பது, யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை என ஊர்ப்பெயரால் வழங்குவது, பல்லாண்டு நிற்பது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட ஆண்டு முருங்கை விதையிட்டு வளர்ப்பது. ஆறு திங்களில் காய்க்கத் தொடங்குவது. வணிகத்துக்கு இது மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. வீட்டுக்கோ, கீரைக்கும் நிழலுக்குமாகப் பல்லாண்டு நிற்கும் பழைய போத்து முருங்கையே ஏற்றது. எதுவாயினும் உயர வளரவிட்டுக் கோலால் அலைத்துப் பறிப்பது அறியாமை. விதையிட்ட செடியை இரண்டரை அடி உயரத்தில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும்.

பட்டம் அறிந்து விதைத்தல் எல்லாவற்றினும் இன்றியமையாதது. தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று திங்களில் வாடைப் பருவமழையாக வருவது. தென்கிழக்கு மாவட்டங்களில் அப்பங்கு இன்னும் மிகுதி. ஆடியில் விதையூன்றிக் குடநீரால் உயிர்பிடிக்கச் செய்த கொடி, அந்த மழையைத் தாங்கி எழுந்து மார்கழியிலும் தையிலும் காய்த்துக் கொட்டும். அவரைக்கு இது வெறும் மரபன்று. பழைய பந்தலவரை பகற்பொழுது சுருங்கினால்தான் பூக்கும் இயல்பினது. அதனைச் சித்திரையில் ஊன்றிவிட்டு, “இலைமட்டும் தழைக்கிறது, ஒரு பூவும் இல்லை” என்று நொந்துகொள்வோர் உண்டு. குற்றம் அவரையினுடையதன்று. ஆடிப்பட்டம் என்று முதியோர் சொன்னதில் ஞாயிற்றின் போக்கும் அடங்கியிருந்தது. சித்திரையில் விதைக்கத் தக்கவை கொத்தவரை, வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை ஆகியன. கொத்தவரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். கத்திரிவெயிலிலும் அது தலை சாயாது. கிணற்றுநீர் உப்பாயிருக்கும் கடற்கரை ஊர்களில் அவரையை அந்நீரால் வளர்க்க முயலற்க. அது உப்புப் பொறாது. பருப்புக்கீரை ஓரளவு பொறுக்கும்.

இனி ஒரு கேள்வி எழும். மண்ணுக்குரிய செடி என்றால் இம்மண்ணிலேயே தோன்றிய செடி மட்டுமா? அன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. போர்த்துக்கேயர் வழியே கடல் கடந்து வந்தது. தமிழன் அதனை நாவில் வைத்தான். மிளகின் உறைப்பைக் கண்டான். மிளகு காய் என்று தன் சொல்லாலேயே பெயரிட்டான். மரவள்ளியும் நிலக்கடலையும் தென்னமெரிக்கத்தனவே, பெயரோ தமிழ். தக்காளி என்பது முன்னர் இங்கே தானே முளைத்த ஒரு சிறுசெடிக்குப் பெயர். கடல் கடந்து வந்த பழம் சீமைத்தக்காளியாகிப் பின் அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. பப்பாளியும் கொய்யாவும் மட்டும் தம் பெயரையும் சுமந்துகொண்டு வந்தன. வந்தபின் தமிழ் ஒலிக்கு இசைந்தன. வந்த செடி மண்ணுக்கு இசைந்தது, மக்கள் கைக்கு இசைந்தது, தலைமுறை தலைமுறையாக விதை எடுக்கப்பெற்று இவ்விடத்து வெயிலைக் கற்றுக்கொண்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முகவை முண்டுமிளகாய் அதற்குச் சான்று. அதே ஆண்டில் அக்குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் உழவர் கையில் விதை நின்றமையால் வாழ்வது. ஆகவே வெறுப்புக்கு இங்கே இடமில்லை. ஆனால் நெகிழிப்பையில் தென்னைநார்த்தூளை நிரப்பி, குளிர்நாட்டுக் கோசினை மாடி வெயிலில் வைத்து, அது கருகியதும் “தோட்டம் நமக்கு ஒத்துவராது” என்று முடிவுகட்டுவோரை என்னென்பது!

பூச்சிக்கு அஞ்ச வேண்டா. அவரைக் கொழுந்தில் அசுவுணி மொய்த்தால் பனி உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். மிஞ்சினால், ஓர் இலிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது வழலைக்கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். கடையில் விற்கும் நஞ்சினை உண்ணும் கீரைமேல் அடிப்பதற்கு வீட்டுத்தோட்டம் எதற்கு? அதற்குச் சந்தையே போதும்.

இவ்வுரையின் உயிர்நிலை விதை. பாட்டியரின் பரணில் சுரைக்குடுவை தொங்கியது நினைவிருக்கும். அதற்குள்ளே சாம்பலோடு கலந்த கத்தரி விதையும் பாகல் விதையும் இருந்தன. அடுப்புப்புகை பட்டு அவை வண்டரியாமல் அடுத்த ஆடிவரை காத்திருந்தன. அக்குடுவை போனபின், ஒவ்வோர் ஆடிக்கும் பணத்தோடு கடைக்குப் போகும் நிலை வந்தது. கடையில் விற்பன பெரும்பாலும் கலப்பின விதைகள். இருவேறு வகைகளைச் சேர்த்து ஆக்கப்பெற்ற அவை முதல் விளைச்சலில் ஒருசீராய்க் காய்க்கும். அக்காயிலிருந்து விதை எடுத்து ஊன்றினால் அடுத்த தலைமுறை பலவாறாகப் பிரிந்துபோகும்; தாயைப்போல் சேய் இராது. சந்தைக்கென்று ஏக்கர்க் கணக்கில் விளைப்போர்க்கு அது பயன்படலாம்; அது அவர்தம் கணக்கு. மூன்று கத்தரிச் செடி வைக்கும் வீட்டுக்கு ஆண்டுதோறும் விதைக்கு விலைகொடுக்கும் அடிமைத்தனம் ஏன்? நிறமேற்றி வரும் விதைகள் நஞ்சு தோய்த்தவை. அவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுத்தல் ஆகாது.

விதை எடுப்பதில் மறைபொருள் ஏதும் இல்லை. அவரை, தட்டைப்பயறு, கத்தரி, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே தாம் கருவுறுபவை, எளிதிற் கலவா. வெண்டை ஓரளவு கலக்கும். சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; வண்டும் தேனீயும் கொண்டுதரும் பூந்துகளால்தான் காய் பிடிக்கும். சுரையும் பாகலும் தம்முள் கலவா. ஆனால் குடுவைச்சுரையும் நீட்டுச்சுரையும் அருகருகே நின்றால் கலந்துவிடும். வகை மாறாமல் காக்க விரும்புவோர், மலரவிருக்கும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் நூலால் கட்டிவைத்து, மலரும் பொழுதில் ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். சுரை மாலையில் மலர்வது. பூசணி விடியலில் மலர்வது. ஓர் எச்சரிக்கை: சமைக்குமுன் சுரைக்காயின் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும், கைத்தால் துப்பிவிட்டு அக்காயை எறிந்துவிட வேண்டும். அக்கைப்பு நஞ்சு. அக்கொடியிலிருந்து விதையும் எடுக்கலாகாது.

முதற்காயையும் கடைக்காயையும் விதைக்கு விடுவதில்லை. நோயற்ற செடியில் நடுப்பருவத்தில் காய்த்த நல்ல காயை அடையாளம் கட்டி விட வேண்டும். வீட்டார் கைதவறிப் பறித்துவிடுவது வழக்கம். ஆதலின் சிவப்புத் துணி நல்லது. கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். பிறகு பிசைந்து நீரில் இட்டால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். வெண்டையும் அவரையும் கொடியிலேயே உலர்ந்து கலகலக்க வேண்டும். நிழலில் நாலைந்து நாள் உலர்த்திச் சாம்பல் கலந்து மண்கலயத்திலோ கண்ணாடிக் குப்பியிலோ அடைக்கலாம். மேலே பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுக. அந்தச் சீட்டை வீட்டுச் சிறுவரைக்கொண்டு எழுதுவித்தல் நன்று. கொத்தவரை என்றும் முடக்கறுத்தான் என்றும் பிழையின்றி எழுதக் கற்பதற்கு அதனினும் நல்ல எழுத்துப்பயிற்சி வேறில்லை.

விதையை மாற்றிக்கொள்வதில் சட்டத்தடை ஏதேனும் உண்டோ என்று சிலர் அஞ்சுகின்றனர். 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் வைக்கவும் மீண்டும் விதைக்கவும் பிறரோடு மாற்றிக்கொள்ளவும் உழவர்க்கு உரிமை அளிக்கிறது. வணிகப்பெயர் இட்டு விற்பதொன்றே கூடாது. எனவே ஊருக்கு ஊர் ஆனித் திங்களில் ஒரு மாலைப்பொழுது பள்ளித்திண்ணையிலோ மன்றத்திலோ தாய்மார் கூடி, மிகுந்ததைக் கொடுத்து இல்லாததைப் பெறலாம். அதற்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டா.

கூடுவதற்கு ஒரு கிழமை முன்னர், ஒவ்வொரு விதையிலும் பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்துவைத்து, நாள்தோறும் நீர் தெளித்துப் பார்க்கட்டும். ஏழுக்குக் குறையாமல் முளைத்தால் அதனை அண்டை வீட்டார்க்கு அச்சமின்றிக் கொடுக்கலாம். நான்கோ ஐந்தோ முளைத்தால் தம் வீட்டிலேயே நெருக்கமாக ஊன்றி, அவ்வாண்டே புதுவிதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் முளையாவிடின், அவ்விதை ஊரில் வேறு எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்கிறதா என்று ஆடி பிறக்குமுன் கேட்டறிதல் வேண்டும்.